கைப்பேசிக்கு வரும் புயல் எச்சரிக்கை கடலுக்கு அடியில்தான் தொடங்குகிறது

(மயிலாடுதுறையில் கடலோர மக்களிடமும் விவசாயிகளிடமும் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



2022 நவம்பர் மாதம் சீர்காழிப் பக்கம் இருந்தவங்களுக்கு அந்த ராத்திரி மறந்திருக்காது. 11-ஆம் தேதி காலையிலிருந்து 12-ஆம் தேதி காலை வரை, ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பாப் பயிர் தண்ணிக்குள் போனது, வீட்டுக்குள்ளும் தண்ணி வந்தது. இத்தனைக்கும் அது புயல் கூட இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான்.

அன்றைக்குப் பலரும் என்ன செய்தோம்? கையில் இருந்த போனை எடுத்து, மழை எப்ப நிற்கும், புயல் வருதா என்று பார்த்தோம். இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் அதைத்தான் செய்கிறோம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வருது. வாட்ஸ்அப்பில் படம் வருது. சரி, அந்தச் செய்தி முதன்முதலில் எங்கேயிருந்து கிளம்புது என்று யோசிச்சிருக்கீங்களா?

"சாட்டிலைட்ல இருந்து" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வீங்க. அது பாதி உண்மை. மீதிப் பாதி கடலுக்கு அடியில் இருக்கு. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன். அதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு பங்கு இருக்கு.

மேல்தோல் மட்டும்தான் தெரியும்

செயற்கைக்கோள் கடலின் வெப்பநிலையை அளக்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது தண்ணீரின் மேல்தோல் மட்டும்தான். அகச்சிவப்புக் கதிர் வழியே பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தெரியாது. நடுவில் மேகம் வந்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். புயல் சமயத்தில் மேகம் இல்லாமல் இருக்குமா?

புயலுக்குச் சாப்பாடு கடலின் வெப்பம். மேல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகி வளரும் என்று சொல்வார்கள். நம்ம வங்கக்கடல் வருஷத்தில் பெரும்பகுதி 28 டிகிரியைத் தாண்டியேதான் இருக்கிறது. அப்படியானால் எல்லாத் தாழ்வுப் பகுதியும் பெரும்புயலாக மாற வேண்டுமே, ஏன் மாறுவதில்லை? காற்றின் போக்கு, ஈரப்பதம் என்று பல காரணம் உண்டு. அவற்றில் ஒரு முக்கியமான காரணம் அடியில் இருக்கும் தண்ணீர்.

கோயில் குளத்தில் மத்தியான வெயிலில் இறங்கிப் பாருங்க. இடுப்பு வரைக்கும் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், பாதத்தில் மட்டும் ஜில்லென்று இருக்கும். கடலும் அப்படித்தான். மேலே சூடு, கீழே போகப் போகக் குளிர்ச்சி. புயல் வந்தால் மத்துப் போட்டுத் தயிர் கடைகிற மாதிரி கடலைக் கடைகிறது. அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிட்டால் புயலுக்குச் சாப்பாடு குறைந்து, அது தன்னைத்தானே தளர்த்திக்கொள்ளும். ஆனால் வெப்பநீர் ஆழமாக, கெட்டியாக இருந்தால் எவ்வளவு கடைந்தாலும் சூடான தண்ணீரேதான் வரும். அப்போது புயல் இளைக்காது, பெருக்கும்.

ஆக, மேலே எத்தனை டிகிரி என்பது மட்டும் போதாது. அந்தச் சூடு எத்தனை மீட்டர் ஆழம் வரை இருக்கு என்பதும் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள யாராவது ஒரு கருவியைத் தண்ணிக்குள் இறக்கித்தான் ஆகணும். வேறு வழியில்லை.

கப்பலில் இருந்து விழும் கருவி

1930-களின் கடைசியில் இதற்கு முதல் கருவி வந்தது. புகை படிந்த ஒரு சின்னக் கண்ணாடித் தகடு, அதில் கீறும் ஊசி. கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், ஆழத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்றபடி ஊசி அந்தப் புகையில் ஒரு கோடு கீறும். மேலே இழுத்து அந்தக் கோட்டைப் படிப்பார்கள்.

1960-களில் அதைவிட எளிய கருவி வந்தது. எக்ஸ்பிடி என்று பெயர். ஒருமுறை போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்கிற வேலை இல்லை. சின்ன வெடிகுண்டு மாதிரி வடிவம், மூக்கில் வெப்பநிலையை உணரும் ஒரு பொருள், உள்ளே முடியைப் போல மெல்லிய தாமிரக் கம்பி சுற்றியிருக்கும். கம்பிச் சுற்று கருவிக்குள்ளும் உண்டு, கப்பலில் இருக்கும் குழாய்க்குள்ளும் உண்டு. பட்டம் விடும்போது நூல்கண்டு தானா பிரிந்து ஓடுகிற மாதிரி இரண்டு பக்கமும் கம்பி பிரிந்துகொண்டே போகும். அதனால் கப்பல் நிற்க வேண்டாம், வேகத்தைக்கூடக் குறைக்க வேண்டாம். கருவி வினாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் இறங்கும். சுமார் இரண்டு நிமிஷத்தில் 760 மீட்டர் ஆழம் வரை ஒவ்வோர் ஆழத்தின் வெப்பநிலையும் கப்பலில் இருக்கும் கணினிக்கு வந்துவிடும். அப்புறம் கம்பி அறுந்து கருவி அடிக்குப் போய்விடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கருவிக்கு ஆழத்தை அளக்கத் தெரியாது. விழுந்து எத்தனை வினாடி ஆச்சு என்பதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறார்கள். பழைய கணக்கில் கொஞ்சம் பிழை இருந்தது பின்னால்தான் தெரிய வந்தது. பல்லாயிரம் பழைய அளவீடுகளை எடுத்து உட்கார்ந்து திருத்தினார்கள். ஒரு சின்னக் கணக்குத் தப்பினால் கடல் எவ்வளவு சூடாகியிருக்கு என்ற பெரிய கணக்கே தப்பிப் போகும். அதனால்தான் அந்தச் சிரத்தை.

இந்தக் கருவியைப் போட ஆராய்ச்சிக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீ விஜயபுரம், பயணிகள் கப்பல் போகுது இல்லையா? உறவுக்காரர்களைப் பார்க்கவும் வேலைக்கும் நம்ம ஜனங்க போய் வருகிற அதே கப்பல்தான். 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் வழி. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் 1990-களிலிருந்து அந்தப் பாதையில் போகும் கப்பல்களில் ஏறி, வழி நெடுக இந்தக் கருவிகளைப் போட்டு வருகிறார்கள். கீழே ஒருத்தர் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பார். மேல்தளத்தின் பின்பக்கம் இன்னொருத்தர் நடுராத்திரியில் ஒரு குழாயைக் கடலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆராய்ச்சிக் கப்பல்களும் உண்டு. 1983 முதல் ஓடிய சாகர் கன்யா, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி போன்றவை. இவற்றில் சிடிடி என்ற கருவியை இரும்பு வடத்தில் கட்டி இறக்குவார்கள். வெப்பநிலை, ஆழம் இரண்டோடு, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதையும் அது அளக்கும். உப்பு அதிகமானால் மின்சாரம் நன்றாகப் பாயும். அதை வைத்து உப்பின் அளவு தெரியும். இது மிகத் துல்லியம். ஆனால் கப்பல் நின்றாகணும், நேரமும் செலவும் ஆகும்.

இதுபோகத் தானாக இயங்கும் ஆர்கோ மிதவைகள் இருக்கு. கப்பலில் கொண்டுபோய் விட்டுவிட்டால் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும்போது வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். உலகக் கடல்களில் இப்போது ஏறக்குறைய 4,000 இருக்கு. இந்தியாவும் 2002 முதல் விட்டு வருகிறது.

விமானத்தில் இருந்தும் போடலாம்

புயல் சுழன்றுகொண்டிருக்கும் இடத்துக்குக் கப்பல் போக முடியாது. போகவும் கூடாது. அங்கே விமானம் உதவும்.

அதே எக்ஸ்பிடி கருவியை ஒரு நீண்ட உருளைக்குள் வைத்து விமானத்திலிருந்து போடுவார்கள். சின்ன பாராசூட் விரிந்து மெதுவாக இறங்கும். தண்ணியைத் தொட்டதும் மேல்பகுதி மிதக்கும், கருவி கம்பியோடு கீழே இறங்கும். மிதக்கும் பகுதி ரேடியோ அலையில் வெப்பநிலையை விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இது முதலில் புயலுக்காக வந்த வேலை இல்லை. தண்ணீரின் சூடும் உப்பும் மாறினால் அதற்குள் போகும் ஒலியின் பாதையும் வளையும். நீர்மூழ்கிக் கப்பலை ஒலியை வைத்துத் தேடுகிறவர்களுக்கு அது தெரிந்தாகணும். நம்ம அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கு, பி-8ஐ விமானங்கள் அங்கிருந்தும் கடல் மேல் போகுது. அந்த மாதிரித் தேடல் வேலைக்குப் பிறந்த கருவியைப் பின்னால் வானிலைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே பறக்கும் விமானங்கள் இருக்கு. அவை இந்தக் கருவிகளைப் போட்டு, புயல் போகும் வழியில் வெப்பநீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கின்றன. 2005-இல் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவில் ஆழமான வெப்பநீர் மேல் வந்தபோதுதான் பெரிதாக வலுத்தது. வங்கக்கடலில் அப்படிப் புயலுக்குள் பறந்து அளப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அதனால் நமக்குக் கப்பலும் மிதவையும் போடுகிற ஒவ்வோர் அளவீடும் இன்னும் அருமையானது.

ஒக்கியை நினைச்சுப் பாருங்க. 2017 நவம்பர் 29-ஆம் தேதி அது தாழ்வு மண்டலம். மறுநாள் குமரிக் கடலில் புயல். ஒரே நாள்தான். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. புயல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதில் உலகம் முழுக்க நல்ல முன்னேற்றம் வந்திருக்கு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் வலுக்கும் என்று சொல்வது இன்னும் கடினமாகவே இருக்கு. அந்தக் கடினத்தைக் குறைக்கத்தான் இத்தனை அளவீடுகள்.

உப்பு எதற்கு?

சூடு புரியுது, உப்பை ஏன் அளக்கணும் என்று கேட்பீங்க. தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மணல் திட்டில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணி ஊறும். ஆசைப்பட்டு ஆழமா போர் போட்டால் உப்புத் தண்ணி வந்துவிடும். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம். லேசானது மேலே மிதக்கும்.

வங்கக்கடலிலும் அதே கதை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் எல்லாம் இங்கே வந்து விழுது. மழையும் அதிகம். அதனால் உப்புக் குறைந்த ஒரு நீர்ப்படலம் மேலே மிதக்குது. அதன் அடியில் உப்பு மிகுந்த, ஆனால் இன்னும் சூடான நீர். அதற்கும் கீழேதான் குளிர்நீர். மேலே இருப்பது லேசு என்பதால், மத்தைப் போட்டுக் கடைந்தாலும் அடிக்குளிர் சுலபமாக மேலே வராது. நடுவில் ஒரு தடுப்பு மாதிரி நிற்கும். இப்படிப்பட்ட தடுப்பு உள்ள கடல் பகுதியின் மேல் போகும் புயல்கள் வலுக்கும் வேகம் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

அப்படியானால் நம்ம கரையோரம் அந்த உப்புக் குறைந்த நீர் எப்போது வருது, எவ்வளவு வருது? செயற்கைக்கோள் உப்பையும் அளக்கும்தான். ஆனால் கரைக்குப் பக்கத்தில் வந்தால் நிலத்தின் குறுக்கீட்டால் தடுமாறும். இதற்கு விடை கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? மீனவர்கள்.

2005 மே மாதம் முதல் தேசிய கடலியல் நிறுவனம் ஓர் எளிய ஏற்பாடு செய்தது. இந்தியக் கடற்கரையில் எட்டு இடங்களில் மீனவர்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை முழங்கால் அளவு தண்ணியில் இறங்கி, ஒரு பாட்டிலில் கடல்நீரைப் பிடித்து வைப்பார்கள். அதை ஆய்வகத்தில் சோதித்து உப்பை அளப்பார்கள். அவ்வளவுதான். கரையில் எடுத்த தண்ணி, ஆழ்கடல் நிலவரத்தைச் சொல்லுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொல்லியது.

வருஷக்கணக்கில் சேர்ந்த அந்தப் பாட்டில்கள் என்ன காட்டின? தென்மேற்குப் பருவமழை முடியும் சமயத்தில் வங்கக்கடலின் வடக்கே, கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு குறைகிறது. சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம்தான் உப்பு என்பதை நினைவில் வைத்துப் பாருங்க, எவ்வளவு பெரிய மாற்றம்! அந்த நீர் சுமார் 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கே வந்து, இரண்டரை மாதத்தில் இந்தியாவின் தென்முனையைத் தொடுகிறது. கடலுக்குள் ஓடும் ஓர் ஆறு என்றே 2014-இல் வெளியான கட்டுரையில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஆறு நம்ம கரையைக் கடக்கும் காலமும், நமக்கு வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலமும் ஒன்றுதான்.

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் வாழ்கிறோம் நாம். கங்கைத் தண்ணியும் நம்ம வாசல் வழியாகத்தான் போகுது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பாட்டிலும் ஐந்து நாள் தவறாத பொறுப்பும்தான். பெரிய கப்பல் இல்லை, விமானம் இல்லை.

உங்கள் பங்கு

இந்த அளவீடுகள் எல்லாம் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்துக்கும், இந்திய வானிலை ஆய்வு மையத்துக்கும் போய், கணினிக் கணக்கில் சேர்ந்து, கடைசியில் எச்சரிக்கையாக உங்க போனுக்கு வருது. அந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க நாம் செய்யக்கூடியது சில இருக்கு.

ஒன்று, ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் தரவு மிதவைகள். தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் போட்டவை. சில மிதவைகள் 500 மீட்டர் ஆழம் வரை சூட்டையும் உப்பையும் அளக்கும். மிதவையின் நிழலில் மீன் கூடும், அதனால் படகும் கூடும். எந்த ஊர்ப் படகு என்று குறை சொல்ல வரவில்லை. உலகம் முழுக்க உள்ள தொந்தரவு இது. ஆனால் அதில் படகைக் கட்டினால், வலையை மாட்டினால், சோலார் தகட்டைக் கழற்றினால் அந்த மிதவை ஊமையாகிவிடும். அடுத்த புயல் அந்த வழியாக வந்தால் நமக்குச் சேதி சொல்ல ஆள் இருக்காது. பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி என்று எங்கிருந்து கடலுக்குப் போனாலும், மிதவையைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே போங்க. கூட வரும் தம்பிமார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்க.

இரண்டு, கரையில் ஏதாவது கருவியோ உருளையோ ஒதுங்கினால் பிரிக்காதீங்க, உடைக்காதீங்க, வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. அது அளவுக் கருவியாகவும் இருக்கலாம், ஆபத்தான பொருளாகவும் இருக்கலாம். தூர நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லுங்க.

மூன்று, போனை வைத்திருக்கிறோம், அதைச் சரியாகப் பயன்படுத்துவோம். மழை, புயல் எச்சரிக்கைக்குத் தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலி, மத்திய அரசின் மௌசம், சாசெத் செயலிகள். அலை உயரம், நீரோட்டம், மீன் கிடைக்கும் பகுதி அறிய இன்காய்ஸின் சமுத்ரா செயலி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554. இந்த எண்களை வலை இழுக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கே பதிந்து வைத்துக்கொள்ளுங்க. எங்கிருந்து வந்தது என்று தெரியாத புயல் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் வந்தால், அதை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இந்தச் செயலிகளில் ஒருமுறை பார்த்துவிடுங்க.

நாலு, விவசாயிகளுக்கு. புயல் சின்னம் உருவான பிறகு பயிர்க் காப்பீட்டுக்கு ஓடாதீங்க. சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வந்துவிடும். அடங்கல், வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றையும் ஐப்பசி பிறந்ததுமே எடுத்து வைத்து, கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதிவு செய்துவிடுங்க.

எச்சரிக்கை சில சமயம் தப்பும். புயல் திசை மாறிப் போகும், மழை சொன்ன அளவு பெய்யாது. "இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வது சுலபம். அப்படி நினைக்கத் தோன்றும்போது, நடுக்கடலில் கப்பலின் பின்பக்கம் நின்று கருவியைப் போடுகிறவரையும், ஐந்து நாளைக்கு ஒருமுறை பாட்டிலோடு முழங்கால் தண்ணியில் இறங்குகிற மீனவரையும் நினைத்துப் பாருங்க. அவர்கள் அளந்த அளவுக்குத்தான் எச்சரிக்கை சரியாக இருக்க முடியும். அளவீடு கூடக் கூட அது இன்னும் சரியாகும். அதைக் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

அடுத்த முறை போன் அலறி, சிவப்பு எச்சரிக்கை என்று காட்டினால், படகைக் கரையேற்றுங்க, வீட்டில் இருக்கும் பெரியவங்களையும் பிள்ளைகளையும் முகாமுக்கு முதலில் அனுப்புங்க. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.